உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர்

கேள்வி கேட்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாயைத் திறந்தாலே கேள்வி வந்துவிடும். மலாயாவில், ரந்தாவுக்கு நாலு மைல்கட்டை தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் நான். மரம் சீவப் போகும் பெண்கள் விடியற்காலையில் விட்டுப் போகும் பிள்ளைகளை ஏணையில் போட்டு ஆட்டுவதும், கஞ்சி ஊட்டுவதும், மூக்கைத் துடைப்பதும் என் வேலை. பிள்ளையை வாங்கும்போது ஒரு கேள்வி, திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி. "நேத்து என்ன கொழம்பு? ஒங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" அவர்கள் சொல்லும் பதிலைவிடச் சொல்லும் விதம்தான் எனக்குப் பிடிக்கும். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி, "அவங்க சிரிச்சா அன்னிக்கு மழ வரும், வெளிய துணி காயப் போடாத" என்பாள். இன்னொருத்தி கங்காணியின் நடையைப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி வராரு பாரு" என்பாள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கருவாடு சுற்றிவந்த செய்தித்தாளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி நானாகப் படித்ததுதான். ஆனால் மனிதர்கள் பேசுவதைப் படிக்க எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கி மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ இருக்கும். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டாகிவிட்டது. போக வர ஒரே ஒரு கேட்டு. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். சோற்றுத் தூக்கு கொண்டுபோகக் கூடாது. ஒரு பிடி அரிசி மடியில் இருந்தால்கூடக் காட்டில் இருப்பவர்களுக்குத்தான் கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொள்வார்கள். காட்டில் இருப்பவர்கள் வந்தாலோ, போலீசுக்கு என்ன சொன்னாய் என்பார்கள். இரண்டு பக்கமும் கேள்விதான். அதனால் தோட்டத்தில் பேச்சே சுருங்கிப் போயிருந்தது. காடு என்ற சொல்லைக்கூட யாரும் வாயால் சொல்வதில்லை, 'உள்ளே' என்பார்கள். 'அவரு தம்பி உள்ள போயிட்டானாம்' என்று யாராவது சொன்னால், கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். போலீஸ் பிடித்து முகாமில் அடைத்தவனையும் அதே சொல்லால்தான் சொன்னோம். எப்படிப் பார்த்தாலும் 'உள்ளே' நல்ல இடமாக இல்லை.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் இப்படி ஒரு சொல் இருந்தது. மந்தின் பக்கம் 'அந்தப் பக்கத்து ஆளுங்க' என்பார்களாம். சுவா பக்கத்தில் 'மேலே' என்பார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிரம்பானிலிருந்து ஒரு டாக்டரம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். இலங்கைத் தமிழர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கசங்காமல் ஜீப்பிலிருந்து இறங்குவார். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறார்கள், வீட்டில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார் என்றார்கள். அதற்காகத் தானே தமிழில் கேள்விகள் எழுதி, ஸ்டென்சில் வெட்டிப் படியெடுத்து, முப்பது வீட்டுக்கு முப்பது தாளாகக் கொண்டுவந்திருந்தார். பெண்கள் என்னோடு பேசுவார்கள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

"பிள்ளை, எழுதியிருக்கிற மாதிரியே கேளும்," என்றார். "ஒரு சொல்லையும் மாத்தக் கூடாது. ஒரு வீட்டில ஒரு மாதிரியும் மற்ற வீட்டில இன்னொரு மாதிரியும் கேட்டா, வாற பதிலை ஒண்டோட ஒண்டு ஒப்பிட ஏலாது. விளங்குதோ?"

விளங்கியது. நியாயமாகவும் பட்டது. தாளின் தலைப்பில் முதல் கேள்வி இப்படி இருந்தது: 'வீட்டில் உள்ளே இருப்போர் எத்தனை பேர்? வெளியே இருப்போர் எத்தனை பேர்?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர், வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் போயிருப்பவர்கள் எத்தனை பேர் என்பது அவர் நினைப்பு. அவருடைய தமிழுக்கு அது சரிதான்.

முதல் வீட்டுக்குப் போனேன். ஆறு பிள்ளைகள் பெற்றவள், ஏழாவது வயிற்றில். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேள்வியைப் படித்ததும் முறம் நின்றது.

"என்னா ஆயா கேக்குற?"

"தாள்ல இருக்கறதத்தான் கேக்கறேன். உள்ள எத்தன பேரு?"

"உள்ளயா? எங்க வீட்டுல உள்ள யாரும் இல்ல. எல்லாரும் வெளியதான். நல்லா எழுதிக்க, எல்லாரும் வெளிய."

அவள் புருஷன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இவ வயித்துல ஒன்னு இருக்கு ஆயா. அதயும் வெளியன்னே எழுதிரு. நமக்கு எதுக்கு வம்பு."

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் எழுந்து வந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்றாவது வீட்டில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேள்விக்கு அல்ல, அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயப்படுகிறார்கள். 'இந்த வீட்டுல நீங்க மொத்தம் எத்தன பேரு?' என்று கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்கவில்லை. ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்ற உத்தரவு ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு லயத்தில் நடப்பது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கிற ஆயா, அன்றைக்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாதிரி பேனாவோடு நடந்தாள். பேனா பிடித்தவள் எழுதியிருப்பதைத்தானே படிக்க வேண்டும்?

மற்றக் கேள்விகளும் அந்த லட்சணம்தான். 'வீட்டில் சோறு போதுகிறதா?' போதும் என்றார்கள். 'மிஞ்சினால் என்ன செய்வீர்கள்?' மிஞ்சாது என்றார்கள். போதாது என்றால், அளந்து கொடுத்த அரிசி எங்கே போகிறது என்று எவனாவது கேட்பான். மிஞ்சுகிறது என்றால், யாருக்குக் கொடுக்கிறாய் என்பான். அதனால் எந்த வீட்டிலும் சோறு குறையவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. கடைசிப் பருக்கை வரைக்கும் கணக்காக இருந்தது.

கடைசி லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவள் தோட்டத்துக்குப் புதிது. சுவா பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷனுக்கு நெஞ்சுக்கோளாறு, சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இவளும் மூன்று பிள்ளைகளும், கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. யாரோடும் அதிகம் ஒட்டாதவள். ஆனால் கேட்டதற்கு டக்கென்று பதில் சொன்னாள்.

"உள்ள நாலு பேருங்கக்கா. வெளிய ஒருத்தரு."

இருபத்தொன்பது வீட்டில் யாருமில்லை, யாருமில்லை என்று எழுதி அலுத்தவளுக்கு அந்தப் பதில் தேனாக இருந்தது. ஒருத்தியாவது நேராகப் பதில் சொல்கிறாளே! யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்கத் தாளில் இடமில்லை, நானும் கேட்கவில்லை. 'உள்ளே: 4' என்று மையால் அழுத்தி எழுதினேன். இவளுக்கு எங்கள் தோட்டத்துச் சொல் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது. தோன்றியதும், டாக்டரம்மாவைத் தவிர வேறு யாரும் இதைப் படிக்கப்போவதில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் கடுத்தது.

"என்ன பிள்ளை இது? முப்பது வீட்டில இருபத்தொன்பது வீட்டுக்குள்ள ஒருத்தரும் இல்லையோ? ஆர் இந்தப் பிள்ளையளைப் பெத்தது? நீர் வீடு வீடாப் போனீரோ, இல்லாட்டி மரத்தடியில இருந்து நிரப்பினீரோ?"

"போனேம்மா. அவங்க சொன்னதத்தான் எழுதினேன்."

"அப்ப இந்தக் கடைசி வீட்டில மட்டும் எப்பிடி நாலு பேர்?"

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உள்ளே என்றால் என்ன என்று இவரிடம் சொன்னால், இவர் அதை யாரிடம் சொல்வார்? ஜீப்பில் வருகிறவர், ஆபீசர்களோடு இங்கிலீஷில் பேசுகிறவர். அவர் என்னை நம்பவில்லை. நான் அவரை நம்பவில்லை. தாள்களைக் கவரில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

கேட்டில் கவரை வாங்கிக்கொண்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியே போகும் எழுத்து எதுவானாலும் படித்துப் பார்த்துத்தான் விடுவார்களாம். டாக்டரம்மா சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. தாள்கள் போலீஸ் நிலையத்துக்குப் போயின. அங்கே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவர் பிறந்து வளர்ந்தது எங்களுக்கு அடுத்த தோட்டத்து லயத்தில்.

சனிக்கிழமை ஒரு ஜீப் வந்து கடைசி வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு போனது. கைக்குழந்தையை அவளோடு விட்டார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளையும் என்னிடம் கொண்டுவந்து தள்ளினார்கள். பெரியவனுக்கு ஐந்து வயசு இருக்கும். அம்மா எங்கே என்று அவன் கேட்கவில்லை. நான் தட்டில் வைத்த சோற்றைத் தங்கைக்குப் பாதி ஒதுக்கிவிட்டுத்தான் தின்றான்.

தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாங்கள் கவனிக்காத மாதிரி இருப்பதில் கெட்டிக்காரர்கள், ஆனால் எல்லாம் தெரியும். திங்கட்கிழமை காலை முதல் வீட்டுக்காரி பிள்ளையைக் கொட்டகையில் விட வந்தாள்.

"இந்தா பிள்ள. இதயும் எழுதிக்க. காலு ரெண்டு, கையி ரெண்டு."

"நான் என்னா பண்ணேன்?"

"நீ ஒன்னும் பண்ணல ஆயா. தாள்தான் பண்ணுச்சு."

போய்விட்டாள். அடுத்தவள் பிள்ளையைக் கொடுத்தபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாருக்கோ சொல்வது கேட்டது: "அவகிட்ட வாயத் தொறக்காதடி, போற போக்குல எழுதிருவா." எல்லாருடைய பேச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தவளிடம் பேச ஆளில்லாமல் போயிற்று. நானும் சும்மா இருக்கவில்லை. எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன். கேட்டில் நின்ற கான்ஸ்டபிளா, கிராணியா, யார் போட்டுக்கொடுத்தது என்று மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். யாரும் போட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது என் கையெழுத்தில் இருந்தது.

அன்றைக்கே மத்தியானம் டாக்டரம்மா வந்தார். கவரைத் திருப்பி வாங்கப் போன இடத்தில் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. "என்னோட வாரும்," என்றார். பிள்ளைகளைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். கேட்டைத் தாண்டியதும் சொன்னேன்.

"அம்மா, எங்க தோட்டத்துல உள்ளேன்னா காடு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இருபத்தொன்பது பேரும்?"

"காட்டுல எங்க வீட்டாளுங்க யாரும் இல்லன்னு சொன்னாங்க. அவ மட்டும் வீட்டுக்குள்ள நாலு பேருன்னு சொன்னா. அவ சுவாக்காரி, அங்க வேற மாதிரி சொல்லுவாங்க."

"நீர் தெரிஞ்சுகொண்டே கேட்டீரோ?"

"நீங்கதானேம்மா ஒரு சொல்லும் மாத்தக் கூடாதுன்னீங்க."

நிலையம் நெருங்கும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இவளைக் காப்பாற்ற அந்தச் சொல்லின் அர்த்தத்தைப் போலீசில் சொல்ல வேண்டும். சொன்னால், 'அப்படியா, மற்ற இருபத்தொன்பது வீட்டுக்கும் அந்த அர்த்தம் எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். ஒருத்தியை வெளியே எடுக்கப்போய் ஒரு லயத்தையே ஜீப்பில் ஏற்றிவிடுவேன்.

நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார ஆபீசர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மேசைமேல் என் முப்பது தாள்கள். நான் பயந்த அதே கேள்வியைத்தான் மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்டார்.

"ஏம்மா, இவ ஒருத்தி நாலுங்கறா. மத்தவங்க எல்லாம் ஒரே மாதிரி யாரும் இல்லங்கறாங்க. அப்ப உள்ளேன்னா என்னன்னு அவங்க அத்தன பேருக்கும் எப்படித் தெரியும்?"

"ஐயா, இத நீங்க படிச்சப்போ ஒங்களுக்கு என்னன்னு பட்டுச்சு?"

"காடுன்னுதான் பட்டுச்சு."

"ஒங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

திமிராகக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு கேள்விதான் என்னிடம் இருந்தது. ஆபீசர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார், நாங்கள் பேசியதைவிட ரொம்பச் சின்னதாக.

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. பிறகு மெதுவாகத் தலையாட்டி, "யெஸ்," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னார் என்பது வரும் வழியில்தான் எனக்குத் தெரிந்தது. இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துத் தமிழ், பிழையான தமிழ், தோட்டத்து ஜனங்களுக்கு விளங்காமல் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னாராம். தன்னையும் காப்பாற்றிக்கொண்டார், இருபத்தொன்பது வீட்டையும் காப்பாற்றினார். குற்றம் முழுவதும் டாக்டரம்மாவின் தமிழ் மேல் போய் உட்கார்ந்தது.

ஆனால் ஆபீசருக்கு அது போதவில்லை. இரண்டு நாளாக அவளிடம் 'உள்ளே இருக்கும் நாலு பேர் யார்?' என்று கேட்டிருக்கிறார்கள். 'நானும் என் பிள்ளைங்களும்தான்' என்று அவளும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். கேட்ட கேள்வியிலேயே காடு இருந்ததால், அவளும் பிள்ளைகளும் காட்டு ஆட்களுக்கு உடந்தை என்று அந்தப் பதில் ஆபீசர் காதில் விழுந்திருக்கிறது. சரியான கேள்வி எதுவோ அதைக் கேளுங்கள், நான் பார்க்கிறேன் என்றார் ஆபீசர். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உள்ள வெளிய எல்லாம் வேணாங்கய்யா," என்றேன். "போன வெள்ளிக்கிழம யார் யாருக்குத் தலைக்கு எண்ண வெச்சேன்னு கேளுங்க. பேரு சொல்லட்டும்."

அவளைக் கூட்டிவந்தார்கள். குழந்தை தோளில் தூங்கியது. மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அவள் இது எந்தப் பொறி என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு விரல் விட்டாள். பெரியவன் பேர், நடுவுள்ளவள் பேர், கைக்குழந்தை பேர். "அப்பறம் நான். அவருக்கு யாரு வெப்பா? அவருதான் ஆஸ்பத்திரில கெடக்கறாரே." ஆபீசர் ரேஷன் கார்டை எடுத்து ஒவ்வொரு பேராகப் பேனாவால் தொட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் போனது. சாயந்திரம் ஐந்து மணிக்கு விட்டார்கள்.

திரும்பும் வழியில் அவள் ஜீப்பின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப தூரம் வந்த பிறகு கேட்டாள்.

"அக்கா, இந்தத் தோட்டத்துல உள்ளேன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"நான் நாலுன்னு சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

தாளில் இருந்ததைக் கேட்டேன் என்ற பதில் நாக்கு நுனியில் நின்றது. டாக்டரம்மா முன்சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா வந்து ஆயாக்கொட்டகையில் என் எதிரில் பலகை போட்டு உட்கார்ந்தார். ஏணைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் தாளைப் புதிதாக எழுதினோம். ஒவ்வொரு சொல்லையும் படித்துவிட்டு, "இதுக்கு உங்கட லயத்தில வேற கருத்து இருக்கோ?" என்று கேட்பார். மிஞ்சிய சோற்றுக் கேள்வியை எடுத்துவிட்டோம். 'போதுகிறதா' என்பதற்குப் பதிலாக, 'நேற்றுக் காலையில் பிள்ளை முதலில் என்ன சாப்பிட்டது?' என்று வைத்தோம். நேற்றைய கஞ்சியைச் சொல்ல யாருக்கும் பயமில்லை. நடுவில் ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு, "என்ர தமிழ் பிழையெண்டு ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால ஒத்துக்கொண்டனான், தெரியுமோ?" என்றார். கோபமா வேடிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகமாகவே இருந்ததால் சிரிக்காமல் இருந்துவிட்டேன்.

புதுத் தாள்களோடு முதல் வீட்டுக்குப் போனேன். "அரிசி ஊறுது ஆயா, அப்பறம் வா," என்றாள். இரண்டாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரி என்னைக் கண்டதும் துணி துவைக்கக் கிளம்பிவிட்டாள். நேரே கடைசி வீட்டுக்குப் போனேன். விரட்டினாலும் சரி என்று வாசலில் நின்றேன்.

அவள் ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். "ஒக்காருங்க. கேளுங்க. ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் இந்தத் தோட்டத்துல என்னா அர்த்தம்னு சொல்லிட்டுத்தான் கேக்கணும்."

அப்படியே கேட்டேன். 'நேற்று' என்றால் நேற்றுத்தானா என்றாள். 'கஞ்சி' என்றால் கஞ்சிதானா என்றாள். துவைக்கப் போனவள் வாளியோடு திரும்பி வந்து நின்றாள். இரண்டாவது வீட்டுக் கதவும் திறந்தது. ஒவ்வொருவராக வந்து சற்றுத் தள்ளி நின்று காது கொடுத்தார்கள். பாதித் தாள் வந்திருப்போம். அடுத்த கேள்வியைப் படித்தேன்: 'பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கிறதா?'

"எந்தப் பாலு?" என்றாள்.

நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் பால் என்றால் முதலில் மரத்துப் பால்தான். வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமப்பது. டாக்டரம்மாவுக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"பிள்ளைங்க குடிக்கற பாலு. மாட்டுப் பாலோ, டப்பாப் பாலோ."

"அப்படின்னு தாள்ல இருக்கா?"

"இல்ல."

"எழுது. மொதல்ல அத எழுது. அப்பறம் நான் சொல்றேன்."

அச்சான சொல்லுக்குப் பக்கத்தில் என் பேனாவால் 'மாட்டுப் பாலோ டப்பாப் பாலோ' என்று எழுதினேன். படித்துக் காட்டு என்றாள். படித்துக் காட்டினேன். முதல் வீட்டுக்காரி, "இன்னொருவாட்டி படி," என்றாள். இன்னொரு தடவையும் படித்தேன்.

"கெடைக்கல," என்றாள் கடைசி வீட்டுக்காரி. "அதயும் எழுதிக்க."